சுழலும் டிஸ்க்கையும் அளந்து பாருங்கள்: லினக்ஸ் ஸ்வாப்பைத் திருத்தி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸின் மையமான கேர்னலில் நினைவக நிர்வாகப் பகுதியைப் பராமரிப்பவர்களுக்கும், ரேம் நிறையும்போது அதில் இருப்பவற்றை டிஸ்க்குக்குத் தள்ளிவைக்கிற அதன் ஸ்வாப் அமைப்பைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும்,

2025 மார்ச்சில் வெளிவந்த 6.14 பதிப்பில், சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளுக்கென்று தனியாக இருந்த ஸ்வாப் இட ஒதுக்கீட்டு முறையை எடுத்துவிட்டீர்கள். சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்.எஸ்.டிக்கு எழுதிய, ஸ்வாப் இடத்தைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துக் கொடுக்கிற முறையே இப்போது எல்லாவற்றுக்கும் பொது. அந்த மாற்றத்தோடு நீங்கள் சேர்த்த விளக்கத்தில், ஹார்ட் டிஸ்க்கில் வேகம் தற்காலிகமாகக் குறையலாம், ஆனால் பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது என்ற கருத்தில் ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. பொருட்படுத்துகிறவர்கள் இங்கே இருக்கிறோம்.

நான் வெள்ளவத்தையில் பாவித்த கணினிகளைத் திருத்தி விற்கிறேன். பின்னேரங்களில் கொட்டாஞ்சேனையில் ஒரு ரியூசன் நிலையத்தின் கணினி அறையையும் பார்த்துக்கொள்கிறேன். என் கையால் போகிற இயந்திரங்களில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3 கணினிகள். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். லப்டொப் என்றால் நிமிடத்துக்கு 5,400 சுற்று ஓடுகிற சின்ன டிஸ்க். இவற்றில் லினக்ஸ் போட்டுத்தான் கொடுக்கிறேன். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பழைய இயந்திரங்களை ஏற்காது. எனவே முன்பு லினக்ஸ் என்ற பெயரையே கேட்டிராதவர்களும் இப்போது அதற்கு வருகிறார்கள். உங்கள் கேர்னல் அவர்களுக்குக் கிடைத்த ஒரே வழி.

“ஒரு எஸ்.எஸ்.டியைப் போட்டுவிட்டால் போகிறது, இன்னொரு 4 ஜிபி ரேமைச் செருகினால் போகிறது” என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். எங்களுக்கும் அது தெரியும். முடிந்தவர்களுக்குப் போட்டுத்தான் கொடுக்கிறோம். ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாய் வரை போன ஊர் இது. அதற்குப் பிறகு வீட்டுக்குக் கணினி என்பது பல குடும்பங்களுக்கு ஒரு தடவை மட்டும் எடுக்கக்கூடிய முடிவு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதற்குள் மலிவானதை வாங்குகிற அப்பாவிடம் “டிஸ்க்கையும் மாற்றுங்கள்” என்று சொல்வது எனக்குச் சுலபமில்லை. ரேம் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்ளத் தொடங்கியதும் உலகம் முழுக்க விலை ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் க்ருஷியல் என்ற பெயரில் சாதாரண ஆட்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ரேம் கூட்ட வழியில்லாதவர்களுக்கு மிஞ்சுவது ஸ்வாப் மட்டும்தான்.

ரியூசன் நிலையத்தில் நடக்கிறதைச் சொல்கிறேன். ஓ.எல் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளை தகவல் தொழினுட்பப் பாடத்துக்கான செயற்றிட்டத்தை லிப்ரே ஒஃபிஸில் தமிழில் தட்டிக்கொண்டிருக்கிறாள். பின்னால் பிரவுசரில் ஏழெட்டு டப் திறந்திருக்கிறது, ஒன்றில் வீடியோ. இன்னொரு டப்பைத் திறந்ததும் மௌஸ் விட்டு விட்டு நகர்கிறது, பிறகு நிற்கிறது. டிஸ்க்கின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று தலை ஓடுகிற சத்தம். வீடியோவின் ஒரு துண்டு ஒலி திரும்பத் திரும்பக் கேட்கிறது. “சேர், இது அசையுதில்லை.” நான் போய் கண்ட்ரோல், ஓல்ட், எஃப்3 அழுத்துகிறேன். கறுப்புத் திரை வர இரண்டு நிமிடம். பயனர் பெயரைத் தட்டினால் எழுத்து எழுத்தாக வருகிறது. கடவுச்சொல் கேட்பதற்குள் உள்நுழையும் நேரம் கடந்துவிட்டது என்று அதுவே திரும்பிப் போகிறது. கேர்னலையே கூப்பிட்டு பெரிய புரோகிராமைக் கொல்லச் சொல்கிற சிஸ்ஆர்கியூ விசை ஒன்று இருக்கிறது. பரவலாக நிறுவப்படுகிற லினக்ஸ் வழங்கல்களில் (ஃபெடோரா போல, நிறுவத் தயாராக வருகிற தொகுப்புகளில்) அந்த விசைக்கு ஆரம்பத்திலேயே அனுமதி கிடையாது. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறேன். சேமிக்காத இரண்டு பக்கம் போய்விடுகிறது. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் கையால் எழுதின கொப்பியோடு வந்தாள்.

இது ஒரு இயந்திரத்தின் கோளாறு என்றால் உங்களுக்கு எழுதமாட்டேன். ரேமைச் சோதித்திருக்கிறேன், டிஸ்க்கின் ஆரோக்கிய அறிக்கையைப் பார்த்திருக்கிறேன், வேறு வழங்கல்களையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். நினைவகம் நிறைந்து டிஸ்க்கில் ஸ்வாப் ஓடத் தொடங்கினால் எல்லாம் இப்படித்தான் நிற்கின்றன. “அப்படியென்றால் ஸ்வாப்பையே மூடிவிடு” என்று சிலர் சொல்வார்கள். மூடினாலும் நிற்கிறது. ஸ்வாப் இல்லாவிட்டால் கேர்னல் ஓடுகிற புரோகிராம்களின் கோட் பக்கங்களையே (நினைவகத்தைக் கேர்னல் கையாளுகிற 4 கிலோபைட் துண்டுதான் பக்கம்) எறிந்துவிட்டு, அடுத்த கணமே டிஸ்க்கில் இருந்து திரும்ப வாசிக்கிறது. அதே சிவப்பு விளக்கு, அதே கரகரப்பு.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 7,200 சுற்று டிஸ்க்கில் சராசரியாக அரைச் சுற்றுக்குக் காத்திருக்க 4 மில்லிசெக்கனுக்குக் கொஞ்சம் மேல். தலை இடம் மாற 8 அல்லது 9. ஆக ஒரு சிதறிய வாசிப்புக்கு 12, 13 மில்லிசெக்கன். செக்கனுக்கு 80 வாசிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கித் தள்ளிய பிரவுசரின் 200 எம்பியைத் திரும்பக் கொண்டுவர 4 கிலோபைட் பக்கங்கள் 51,200 வேண்டும். ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு பக்கம் மட்டும் வந்தால் 640 செக்கன், பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. ஒரு பக்கத்தைக் கேட்டால் அதற்கு அருகில் இருப்பவற்றையும் கேர்னல் சேர்த்து வாசிக்கிறது; இந்த முன்வாசிப்பின் வழமையான அளவு எட்டுப் பக்கம். எட்டும் வேண்டிய பக்கங்களாக வந்தால் அதே வேலை 80 செக்கனில் முடிகிறது. இதையே என்.வி.எம்.இ என்ற மிக வேகமான எஸ்.எஸ்.டியில் செய்தால், ஒரு வாசிப்புக்கு 100 மைக்ரோசெக்கன் என்று வைத்தாலும், பக்கம் பக்கமாக வாசித்தே ஐந்து செக்கனில் முடித்துவிடலாம். உங்கள் மேசையில் ஸ்லொட்டுகள் (ஸ்வாப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒதுக்குகிற இடங்கள்) சிதறுவது ஐந்து செக்கனுக்குள் மறைந்துபோகிறது. எங்கள் மேசையில் ஒன்றரை நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இதில் முன்வாசிப்பு எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஸ்.எஸ்.டியில் கேர்னல் புரோகிராமின் முகவரியில் பக்கத்தில் இருப்பவற்றை முன்கூட்டி வாசிக்கிறது. அவை டிஸ்க்கில் எங்கே இருந்தாலும் கவலையில்லை. ஸ்வாப்புகளில் ஒன்று சுழலும் டிஸ்க்காக இருந்தால் அந்த வழி மூடப்பட்டு, ஸ்வாப்பில் அடுத்தடுத்த ஸ்லொட்டுகளில் கிடப்பவற்றைத்தான் வாசிக்கிறது. தலையை அங்குமிங்கும் ஓட்டாமல் இருக்க அது சரியான முடிவுதான். ஆனால் அது பலன் தரவேண்டுமென்றால், ஒன்றாக வெளியே போன பக்கங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இடம் ஒதுக்குகிற கை கொஞ்சம் சிதறினால், கொண்டுவந்த எட்டில் ஏழு வேறு எதனுடையதோ ஆகிவிடும். அவை பயன்படவில்லை என்று கண்டதும் கேர்னல் முன்வாசிப்பின் அளவைச் சுருக்கும். சுருங்கச் சுருங்க மேலே சொன்ன பத்து நிமிடத்தை நோக்கிப் போகிறோம். ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை ஸ்லொட் ஒதுக்குவதும் முன்வாசிப்பதும் ஒரே விசயம். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை அளக்காமல் விடக்கூடாது.

டிஸ்க்கை நீங்கள் முற்றாக மறந்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதே தொடரில் சுழலும் டிஸ்க்குக்கு புரோசசரின் எல்லாக் கோர்களும் பங்குபோடும் ஒரே கொத்தை வைத்து, எழுத்து வரிசையாகப் போகும்படி செய்திருக்கிறீர்கள். இரண்டு விதமான ஒதுக்கீட்டு முறைகளையும் ஒரே தரவை இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கிற இரண்டு விதமான பூட்டுகளையும் காலமெல்லாம் காவிக்கொண்டு திரிய முடியாது என்பதும் விளங்குகிறது. பழைய முறையும் டிஸ்க் துண்டு துண்டானதும் தடுமாறித்தான் போனது. பழையதைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை.

என் மனக்குறை அளக்கிற முறையில். உங்கள் மாற்றங்களோடு வருகிற சோதனைகளில் அடிக்கடி காண்பது என்ன? பல கோர்கள் உள்ள சேவர், இசட்ரேம் (ரேமுக்குள்ளேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கிற ஸ்வாப்) அல்லது வேகமான எஸ்.எஸ்.டி, சிகுரூப் என்ற வரம்பு வசதியால் நினைவகத்தை நெரித்துவைத்துக் கேர்னலையே மூல நிரலில் இருந்து கட்டுவது, முடிய எடுத்த மொத்த நேரம். பூட்டுகளுக்கான போட்டி குறைந்ததா என்று பார்க்க அது நல்ல சோதனை. ஆனால் கணினிக்கு முன்னால் ஒரு ஆள் இருக்கும்போது மொத்த நேரம் அவருக்கு ஒன்றும் சொல்லாது. நினைவகம் நிறைந்த பிறகு, கால் மணித்தியாலம் தொடாமல் விட்ட ஜன்னலைத் திரும்பக் கிளிக் செய்தால் எழுத்து தட்ட எத்தனை செக்கன்? அந்த ஒரு எண்ணை நான் உங்கள் குறிப்புகளில் தேடினேன், கிடைக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் வந்த 6.18இல், எந்த ஸ்லொட்டில் எது இருக்கிறது என்று குறித்துவைக்கிற ஸ்வாப் அட்டவணையின் முதல் கட்டத்தைச் சேர்த்தீர்கள். நல்ல வேலை. ஒரு கொத்தின் 512 ஸ்லொட்டுகளுக்கு 4 கிலோபைட் அட்டவணை, அந்தக் கொத்து பாவனைக்கு வரும்போதுதான் அது உருவாகிறது. 4 ஜிபி ஸ்வாப் முழுதும் நிறைந்தால்கூட 8 எம்பிதான். சின்ன இயந்திரத்துக்கு இது நியாயமான கணக்கு. ஆனால் பக்கத்தின் ஸ்வாப் முகவரியை அது கிடக்கிற டிஸ்க் ஸ்லொட்டில் இருந்து பிரிக்கிற, அடுத்துப் பேசப்படுகிற மெய்நிகர் ஸ்வாப் அடுக்கை நினைத்துத்தான் பயப்படுகிறேன். ஸ்வாப்புக்குப் போன ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலதிகமாக ஒரு விவரக் குறிப்பு. பக்கத்துக்கு 24 பைட் என்று வைத்தாலும் 4 ஜிபி ஸ்வாப்புக்கு 24 எம்பி. 512 ஜிபி ரேம் உள்ள சேவரில் அது தூசு. 4 ஜிபியில் ஒரு பங்கை கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில், அதுவும் நினைவகம் தீர்ந்துபோன அந்த நேரத்தில், 24 எம்பி என்பது ஒரு டப்.

அதே அடுக்கில் எங்களுக்கு நல்லதும் இருக்கிறது என்பதால்தான் வெறுமனே வேண்டாம் என்று சொல்லமுடியவில்லை. இப்போது இசட்ரேமையும் டிஸ்க் ஸ்வாப்பையும் முன்னுரிமை கொடுத்து ஒன்றாக வைத்தால், முதலில் வெளியே போகிற, யாரும் தொடாத பழைய பக்கங்கள் இசட்ரேமை நிரப்பிவிடுகின்றன. அது நிறைந்த பிறகு, அடிக்கடி தேவைப்படுகிறவை டிஸ்க்குக்குப் போகின்றன. தீபாவளிக்கு மட்டும் எடுக்கிற பாத்திரத்தைக் கைக்கெட்டுகிற தட்டில் அடுக்கிவிட்டு, தினமும் சோறு வடிக்கிற பானையைப் பரணில் ஏற்றின மாதிரி. இசட்ஸ்வாப் இதைச் சரியாகச் செய்கிறது, குளிர்ந்த பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டுச் சூடானவற்றை ரேமில் சுருக்கி வைக்கிறது. ஆனால் அதில் சுருக்கி வைத்த பக்கமும் டிஸ்க்கில் ஒரு ஸ்லொட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. மெய்நிகர் அடுக்கு அதைத் தீர்க்கும். ஃபெடோரா 2020இல் 33ஆம் பதிப்பில் இருந்து இசட்ரேமை வழமையாக்கியது. எங்கள் கடையிலும் இசட்ரேம் போட்டுத்தான் கொடுக்கிறேன், பலருக்கு அது போதும். போதாத ஆட்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

டிஸ்க் ஸ்வாப்பை நாங்கள் விடமுடியாததற்கு இன்னொரு காரணம் மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க இருண்டது. சின்ன யூ.பி.எஸ் தருகிற சில நிமிடங்களுக்குள் வேலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து அணைக்கிற வசதிதான் பிள்ளைகளின் வேலையைக் காப்பாற்றுகிறது. அப்படி எழுதிவைக்கிற நினைவகப் படிமம் உட்காருவது ஸ்வாப்பில். இசட்ரேம் மட்டும் இருந்தால் அது நடக்காது.

இனி, கணினி நின்றுபோவது பற்றி. கொஞ்சமாவது பக்கங்களை வெளியேற்றி இடத்தை மீட்க முடிகிற வரை கேர்னல் நினைவகம் தீர்ந்துவிட்டதாக ஒத்துக்கொள்வதில்லை. மெதுவான டிஸ்க்கில் அந்தக் கொஞ்சம் என்பது மணிக்கணக்காக நீளலாம். 2018 டிசம்பரில் 4.20 பதிப்போடு வந்த பி.எஸ்.ஐ என்ற அளவி, நினைவகத்துக்காகப் புரோகிராம்கள் காத்துக்கிடக்கிற நெருக்கடியை அளந்து காட்டுகிறது. 2022 டிசம்பரில் 6.1 பதிப்போடு வந்த, எந்தப் பக்கத்தை முதலில் வெளியேற்றுவது என்று தீர்மானிக்கிற பல தலைமுறை எல்.ஆர்.யூவில் நேரடி மருந்தே இருக்கிறது. கடந்த இத்தனை மில்லிசெக்கனுக்குள் தொட்ட பக்கங்களை வெளியேற்றாதே, வைத்திருக்க இடமில்லை என்றால் ஒரு புரோகிராமைக் கொன்றுவிடு என்று அதற்குச் சொல்லலாம். 1000 என்று எழுதினால் தாங்கமுடியாத திணறல் பொதுவாக இல்லாமல் போகும் என்று உங்கள் ஆவணமே சொல்கிறது. நான் எழுதிப் பார்த்தேன். பிரவுசரின் ஒரு டப் செத்தது, ஆவணம் பிழைத்தது. வழமையான மதிப்பு ஏன் இன்னும் 0? இந்த மதிப்பை எழுதுகிற கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைப்பது நியாயமில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

ஸ்லொட் ஒதுக்கீட்டையோ முன்வாசிப்பையோ மீட்பையோ தொடுகிற மாற்றம் ஏற்கப்படும் முன், 4 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த ரேமும் சுழலும் டிஸ்க்கும் உள்ள ஓர் இயந்திரத்தில் அது ஓடவேண்டும். மொத்த நேரத்தோடு, ஒதுக்கப்பட்ட புரோகிராம் திரும்ப வர எடுத்த நேரமும் குறிப்பில் வரவேண்டும். எண் மோசமாக வந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். “பொருட்படுத்தத் தேவையில்லை” என்ற சொல்லை அளந்த எண் இல்லாமல் இனி எழுதாதீர்கள். அளக்க அப்படியான இயந்திரம் உங்களிடம் இல்லையென்றால் எங்களிடம் இருக்கிறது. சோதனையையும் செய்முறையையும் தாருங்கள், ஓட்டி முடிவை அப்படியே அனுப்புகிறேன்.

6.14க்கு முன்னும் பின்னும் டிஸ்க் ஸ்வாப்பின் முன்வாசிப்பு எத்தனை வீதம் பயன்பட்டது என்பதை ஒப்பிட்டு வெளியிடுங்கள். குறைந்திருந்தால் அதைச் சரிசெய்வதை அடுத்த கட்டத்துக்கு முன் வையுங்கள்.

மெய்நிகர் அடுக்கைச் சேர்த்தால், ஒரே ஒரு டிஸ்க் ஸ்வாப் மட்டும் உள்ள இயந்திரம் அதன் மேலதிக பைட்டுகளைச் சுமக்காதபடி செய்யுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், படிமத்தை டிஸ்க்கில் எழுதி அணைத்துத் திரும்ப எழுப்புகிற சோதனையையும் கட்டாயமாக்குங்கள்.

பல தலைமுறை எல்.ஆர்.யூவின் அந்தக் குறைந்தபட்ச நேரத்துக்கு, மேசைக் கணினிகளில் 0 அல்லாத ஒரு வழமையான மதிப்பைக் கொடுங்கள். அது கேர்னலின் வேலை இல்லை, வழங்கல்களின் வேலை என்று நினைத்தால், வழங்கல்களுக்கு அதை வெளிப்படையாகப் பரிந்துரை செய்யுங்கள். பரிந்துரை ஆவணத்தின் நடுவில் ஒரு வரியாகக் கிடப்பது போதாது.

கடைசியாக, சுழலும் டிஸ்க்கில் ஸ்வாப் என்பதை இனியும் ஆதரிக்கிறீர்களா என்பதற்கு நேரடியான பதில் வேண்டும். ஆதரிக்கிறீர்கள் என்றால், அதற்கு யார் பொறுப்பு என்று பராமரிப்பாளர் பட்டியலில் எழுதுங்கள். கைவிடப்போகிறீர்கள் என்றால், எந்தப் பதிப்பில் இருந்து, எந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரை என்று முன்கூட்டியே அறிவியுங்கள். அடுத்த தொகுதிப் பாவித்த கணினிகளுக்குக் காசு கட்டுவதற்கு முன் எங்களுக்கு அது தெரியவேண்டும்.

இப்படிக்கு,
பாவித்த கணினிகள் திருத்துபவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6